பகா எண்களை இறக்கி ஆடும் சீட்டாட்டம்

ஜப்பானில் தைஃபுகோ என்றொரு சீட்டாட்டம் பிரபலம். கையில் உள்ள சீட்டுகளை முதலில் காலி செய்பவர் வென்றவர். முன்னவர் இறக்கியதைவிட வலிய சீட்டை இறக்க வேண்டும், முடியாவிட்டால் பாஸ். இதை எடுத்துக்கொண்டு 2014-இல் அங்கே ஒரு கணித ஆய்வாளர் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்: இறக்குவது பகா எண்ணாக இருக்க வேண்டும். அந்த ஆட்டத்துக்குப் பெயர் சோசூ தைஃபுகோ. சாதாரணச் சீட்டுக்கட்டு ஒன்று போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கேட்டவுடன், பகா எண் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கான ஆட்டம் போலத் தோன்றும். பட்டியல் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் ஆடிப் பார்த்தால் வேறொன்று புரிகிறது. பகா எண்ணைத் தேடுகிறவரைவிட, பகு எண்ணைச் சரியாக உடைக்கத் தெரிந்தவருக்கே கை சீக்கிரம் காலியாகிறது. அது ஏன் என்று சொல்வதற்குள் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

1-ஐவிடப் பெரியதாக இருந்து, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 எல்லாம் பகா எண்கள். 6 அப்படியில்லை. அதை 2 × 3 என்று உடைக்கலாம், எனவே அது பகு எண். 1 இரண்டிலும் சேராது. பள்ளியில் இதற்குப் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை, 'அப்படித்தான்' என்று கடந்துவிடுவார்கள். இந்த ஆட்டத்தில் காரணம் தானாகவே வெளியே வரும்.

சீட்டுகளின் மதிப்பு எளிது. ஏஸ் என்றால் 1. 2 முதல் 10 வரை அதே எண். ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13. ஸ்பேட், ஹார்ட்டின் போன்ற வகை வேறுபாடு எதுவும் கணக்கில் வராது. ஜோக்கர் இரண்டு உண்டு, அதைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு சீட்டு இறக்கினால் அதன் மதிப்புதான் எண். ஒன்றுக்கு மேல் இறக்கினால் கூட்டக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். 4-க்குப் பக்கத்தில் ஏஸ் வைத்தால் 41. 10-க்குப் பக்கத்தில் 7 வைத்தால் 107. ராணிக்குப் பக்கத்தில் ராஜா வைத்தால் 1213. இரண்டே சீட்டில் நான்கு இலக்கம் வந்துவிடுவதைக் கவனியுங்கள். ஆட்டத்தின் சுவை பாதி இதில்தான் இருக்கிறது.

ஆளுக்கு 11 சீட்டு கொடுத்து இருவர் ஆடலாம். புதிதாக ஆடுபவர்கள் ஏழில் தொடங்கினாலும் சரி. மீதிக்கட்டு நடுவில் கவிழ்ந்திருக்கும். முதலில் ஆடுபவர் எத்தனை சீட்டில் வேண்டுமானாலும் ஒரு பகா எண்ணை இறக்கலாம். அடுத்தவர் அதே எண்ணிக்கையிலான சீட்டுகளில் அதைவிடப் பெரிய எண்ணை இறக்க வேண்டும். அவர் இரண்டு சீட்டில் 41 போட்டால் நீங்களும் இரண்டு சீட்டில்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் முறை வரும்போது விரும்பினால் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். பாஸும் சொல்லலாம். மற்றவர்கள் எல்லோரும் பாஸ் சொல்லிவிட்டால், கடைசியாக இறக்கியவர் மேசையைத் துடைத்துவிட்டு, தன் விருப்பப்படி புதிய சுற்றைத் தொடங்குவார்.

போட்டது பகா எண் இல்லை என்று தெரிந்தால் தண்டனை உண்டு. இறக்கிய சீட்டுகள் கைக்குத் திரும்பும். எத்தனை சீட்டு இறக்கினீர்களோ அத்தனை சீட்டு கட்டிலிருந்து கூடுதலாக எடுக்க வேண்டும். முறையும் போய்விடும். சரிபார்க்கக் கைபேசியோ கணினியோ பக்கத்தில் இருப்பது நல்லது. ஆனால் இறக்கிய பிறகுதான் பார்க்க வேண்டும். அதுவரை தலைதான் கணக்குப் போட வேண்டும்.

சரி, எதை வைத்துக் கணக்குப் போடுவது?

முதலில் கடைசிச் சீட்டு. எண் இரட்டைப்படையில் முடிந்தால் 2-ஆல் வகுபடும். 5-இலோ 0-இலோ முடிந்தால் 5-ஆல் வகுபடும். எனவே ஒன்றுக்கு மேற்பட்ட சீட்டுகளில் பகா எண் அமைக்க வேண்டுமென்றால் கடைசிச் சீட்டு ஏஸ், 3, 7, 9, ஜாக்கி, ராஜா இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஜோக்கரை விட்டால் கட்டில் இப்படிப்பட்டவை 24 சீட்டுகள். மீதி 28, அதாவது 2, 4, 5, 6, 8, 10, ராணி ஆகியவை, கடைசியில் நிற்கவே முடியாதவை. 2-ஐயும் 5-ஐயும் தனியாக இறக்கலாம், அது வேறு விஷயம். ஆக, முடிக்கும் சீட்டுகளைக் கண்டபடி செலவழித்தவர் பிறகு கையில் 4, 6, 8 என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 3-உம் 7-உம் கையில் இருக்கிறதே என்று 37 போடுவது பெரும்பாலும் வீண்செலவு. 4, 7 சேர்த்து 47 போட்டால் அதே வேலைக்கு ஒரு முடிக்கும் சீட்டுதான் போகும்.

அடுத்தது 3. இலக்கங்களின் கூட்டல் 3-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. சீட்டாட்டத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கூட்டல் வரிசையைப் பொறுத்ததல்ல. கையில் 1, 4, 7 இருந்தால் கூட்டல் 12. 147, 471, 417, 741 என்று எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்றும் நடக்காது. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், கூட்டிப் பார்த்து உடனே கைவிடலாம். ராஜா, ராணி எல்லாம் இருந்தால் இலக்கமாகப் பிரித்துக் கூட்ட வேண்டும் என்றுகூட இல்லை. 13, 12 என்று அப்படியே கூட்டினாலும் விடை கெடாது.

இந்த இரண்டு வடிகட்டிகளும் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? ஈரிலக்க எண்களில் இரண்டையும் தாண்டி வருபவை மொத்தம் 24. அதில் 21 பகா எண்கள். ஏமாற்றுபவை 49, 77, 91 மட்டும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் 100-க்குள் தவறவே முடியாது. மூவிலக்கத்தில் தாண்டுபவை 240, அவற்றில் பகா எண்கள் 143. நான்கிலக்கத்தில் 2,400-க்கு 1,061. ஆறிலக்கத்துக்குப் போனால் 2,40,000-க்கு 68,906, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 29. எண் நீள நீளப் பகா எண்கள் அடர்த்தி குறையும் என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான். ஆட்டத்தில் அதற்கு அர்த்தம், மூன்று ராஜவம்சச் சீட்டுகளைக் குருட்டாம்போக்கில் அடுக்கினால் மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் தண்டனைச் சீட்டுதான் கிடைக்கும் என்பது.

பெரிய எண்களுக்கு இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001. எனவே ஓர் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைத் தனியாகப் பிரித்து, முன்பகுதிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் சோதித்துவிடலாம். ராணியும் ஜாக்கியும் சேர்ந்த 1211-ஐ எடுங்கள். 211-இலிருந்து 1 போனால் 210. அது 7-ஆல் வகுபடும், எனவே 1211-உம் வகுபடும் (7 × 173). ஆறிலக்கம் வரை இதே முறை போதும். ராஜா, ராஜா, ஜாக்கி வைத்தால் 131311. 311-இலிருந்து 131 போனால் 180. 180-ஐ 7, 11, 13 எதுவும் வகுக்காது. இதனால் மட்டும் அது பகா எண் என்று நிரூபணமாகாது, ஆனால் உண்மையில் அது பகா எண்தான். ஜோக்கர் இல்லாமல் மூன்று சீட்டில் அமையும் மிகப் பெரிய பகா எண்ணும் அதுவே.

இரண்டு சீட்டில் மிகப் பெரிய பகா எண் எது? ராஜாவை முன்னால் வைத்தால்தான் பெரிதாகும் என்று கை தானாக ஓடும். 1313-ஐ 13 வகுக்கும். 1312 இரட்டை. 1311-இன் கூட்டல் 6. 1310 பூஜ்யத்தில் முடிகிறது. நான்கும் போயிற்று. ராணியை முன்னால் வைத்து ராஜாவைப் பின்னால் வைத்தால் 1213, அது பகா எண். இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 10-ஐயும் லேசாக நினைக்க வேண்டாம். 101, 103, 107, 109 நான்குமே பகா எண்கள், 1013-உம் அப்படியே. பின்னால் ஜாக்கி வந்தால் மட்டும் (1011) கவிழ்த்துவிடும். ராணி கொஞ்சம் பிடிவாதக்காரி. 7-உடனும் ராஜாவுடனும் மட்டும்தான் சேருவாள். 121 கூட 11 × 11 ஆகிவிடுகிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பகு எண்ணை இறக்கவும் இந்த ஆட்டத்தில் வழி இருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: அதன் பகாக் காரணிகளையும் உங்கள் கைச் சீட்டுகளாலேயே காட்ட வேண்டும். ராணியை (12) தனியாக இறக்க ஆசையா? 12 = 2 × 2 × 3. கையில் இரண்டு 2-உம் ஒரு 3-உம் இருந்தால் அவற்றையும் சேர்த்து இறக்கலாம். மேசையில் மதிப்பு என்னவோ ஒரு சீட்டு 12-தான். ஆனால் கையிலிருந்து நான்கு சீட்டுகள் போய்விட்டன. பெருக்கல் குறிக்குச் சீட்டு தேவையில்லை. அடுக்குகளும் அனுமதி. 8-ஐ 2³ என்று எழுதினால் 2, 3 என்ற இரண்டே சீட்டு. 9-ஐ 3² என்று எழுதினால் 3, 2.

இது ஏன் ஆட்டத்தின் உயிர் என்கிறேன் என்றால், கடைசியில் நிற்க முடியாத அந்த 28 சீட்டுகளுக்கும் இங்கேதான் மோட்சம். எதிராளி 1213 போட்டுவிட்டு, இனி யார் மிஞ்சுவார் என்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ராஜா, ராணி, 2, 5, 4, ஏஸ். 1312 = 2⁵ × 41. ராஜாவும் ராணியும் எண், 2-உம் 5-உம் அடுக்கு, 4-உம் ஏஸும் சேர்ந்து 41. ஆறு சீட்டும் ஒரே இறக்கில் போய்விடும். அதில் ராணி, 2, 5, 4 நான்குமே பகா எண்ணைத் தேடும்போது கையில் சுமையாக இருந்தவை.

சின்னதாக இன்னொன்று. மேசையில் 41. கையில் 2, 3, 5, 6, 7. பகா எண் வழியில் போனால் 53, 67, அப்புறம் தனியாக 2 என்று மூன்று இறக்கு வேண்டும், இடையில் எதிராளி குறுக்கிடாமலும் இருக்க வேண்டும். 56-ஐப் பாருங்கள்: 2³ × 7. ஐந்து சீட்டும் தீர்ந்தது, ஆட்டமும் முடிந்தது.

இப்போது 1-க்குத் திரும்பலாம். ஏஸை ஒரு காரணியாக அனுமதித்தால் என்ன ஆகும்? 12 = 1 × 1 × 1 × 2 × 2 × 3 என்று சொல்லி, கையில் உள்ள எல்லா ஏஸையும் கொட்டிவிடலாம். ஓர் எண்ணுக்குப் பகாக் காரணிகள் இவைதான், இத்தனைதான் என்று உறுதியாகச் சொல்லும் பேச்சே போய்விடும். ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு விதமாகத்தான் பகா எண்களாக உடையும், வரிசை மட்டும் மாறலாம். எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று இதற்குப் பெயர். அது நிற்பதற்காகத்தான் 1-ஐப் பகா எண் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். ஆட்டத்தில் இதன் பலன் கொஞ்சம் கொடுமையானது: ஒற்றை ஏஸை எந்த வழியிலும் தனியாக இறக்க முடியாது. கடைசியில் ஏஸ் மட்டும் மிஞ்சினால் இன்னொரு சீட்டு இழுத்துத்தான் ஆக வேண்டும். கடைசிச் சீட்டாக 2, 3, 5, 7, ஜாக்கி, ராஜா, இல்லையென்றால் ஜோக்கர் மிஞ்சும்படி முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது.

காரணிப்படுத்துவதில் தவறினாலும் தண்டனை உண்டு. காரணிக்காக வைத்த சீட்டுகளும் எண்ணிக்கையில் சேரும். ஆறு சீட்டை இறக்கித் தவறினால் ஆறு சீட்டு கூடும், அதனால் பெருக்கிப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

ஜோக்கரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மற்றச் சீட்டுகளோடு சேர்த்தால் அது 0 முதல் 13 வரை நீங்கள் சொல்லும் எண்ணாக இருக்கும். தனியாக இறக்கினால் எல்லா ஒற்றைச் சீட்டையும் அடிக்கும்.

இரண்டு எண்களுக்கு மட்டும் இந்த ஆட்டத்தில் சலுகை உண்டு, இரண்டுமே பகு எண்கள்.

முதலாவது 57. பார்த்தால் பகா எண் போலவே இருக்கும், ஆனால் 3 × 19. இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணித மேதைகளில் ஒருவரான அலெக்சாண்டர் குரோத்தெண்டீக் (1928–2014) பற்றி ஒரு கதை சொல்வார்கள். பகா எண்களைப் பற்றிப் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவரிடம், குறிப்பாக ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்க, 'சரி, 57-ஐ எடுத்துக்கொள்வோம்' என்றாராம். அதிலிருந்து 57-க்குக் குரோத்தெண்டீக் பகா எண் என்று செல்லப்பெயர். ஆட்டத்தில் 5, 7 இரண்டையும் காரணி எதுவும் காட்டாமல் இறக்கலாம். தண்டனை இல்லை. அதோடு சுற்று அங்கேயே முடிந்து, இறக்கியவரே அடுத்த சுற்றைத் தொடங்குவார். மூல ஆட்டமான தைஃபுகோவில் 8 போட்டால் சுற்றை வெட்டலாம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, இது அதன் கணித வடிவம்.

இரண்டாவது நமக்கு அறிமுகமே தேவையில்லாத 1729. ராமானுஜனைப் பார்க்கக் கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்சியின் எண். இரண்டு கனங்களின் கூட்டலாக, 1³ + 12³ என்றும் 9³ + 10³ என்றும், இரு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் சொன்னது. 729-இலிருந்து 1-ஐக் கழித்தால் 728, அது 7 × 8 × 13. முன்பு பார்த்த குறுக்குவழிப்படி 1729-ஐ 7-உம் 13-உம் வகுக்கும் என்று உடனே தெரிகிறது. முழுசாக உடைத்தால் 7 × 13 × 19. ஏஸ், 7, 2, 9 நான்கையும் வரிசையாக இறக்கினால் புரட்சி! அதன்பின் பெரியது வலியது என்ற விதி தலைகீழாகி, சிறிய எண்ணே மேலானது ஆகிவிடும். ராஜாக்களைச் சேர்த்து வைத்திருந்தவர் முகம் மாறுவதைப் பார்க்கவே இதை ஆடலாம். தைஃபுகோவில் ஒரே மதிப்புள்ள நான்கு சீட்டை இறக்கினால் வருவதும் இதே புரட்சிதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். உங்களிடம் ஏஸ், 3, 5, 7, 9. மேசையில் எதிராளி இரண்டு சீட்டில் 43 போட்டிருக்கிறார். இது சுலபம். 57-ஐ 3 × 19 என்று காரணியோடு இறக்கினால் ஐந்தும் போய்விடும். 57-ஐ வெட்டாக இறக்கிவிட்டு, அடுத்த சுற்றில் 139 அல்லது 193 போட்டும் முடிக்கலாம்.

மேசையில் இருப்பது 43 இல்லாமல் 59 ஆக இருந்தால்? இப்போது 57 செல்லாது. 59-ஐத் தாண்டும் பகா எண்களில் உங்களால் அமைக்கக்கூடியவை 71, 73, 79, 97. பகு எண்ணும் கைகொடுக்காது. 75-க்கு (3 × 5 × 5) இன்னும் இரண்டு 5 வேண்டும், 5² என்று எழுதினாலும் இன்னொரு 5-உம் ஒரு 2-உம் வேண்டும். 95-க்கு இன்னொரு 5-உம் இன்னொரு 9-உம் வேண்டும். 97 போட்டால் இரண்டு சீட்டில் ஒரு பகா எண்ணால் அதைத் தாண்ட எதிராளிக்கு மூவிலக்கமோ நான்கிலக்கமோ தேவை. வலுவான அடிதான். ஆனால் கையில் மிஞ்சுவது 5, 3, ஏஸ், கூட்டல் 9. மூன்றையும் சேர்த்து எப்படி அடுக்கினாலும் பகா எண் வராது. 31 ஒரு தடவை, 5 ஒரு தடவை என்று இரண்டு இறக்கு தேவைப்படும். 73-உம் 79-உம் இதே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும், மிஞ்சும் மூன்றின் கூட்டல் முறையே 15, 9.

71 போட்டால் 3, 5, 9 மிஞ்சும். கூட்டல் 17. 359, 593, 953 மூன்றுமே பகா எண்கள், எனவே சுற்று உங்களிடம் வந்தால் ஒரே இறக்கில் முடிந்துவிடும். ஆனால் 71-ஐத் தாண்டுவது எதிராளிக்கு எவ்வளவு எளிது! 73, 79, 83, 89, 97 என்று இரண்டு இலக்கத்திலேயே ஐந்து பகா எண்கள் காத்திருக்கின்றன, மூவிலக்கங்களைச் சொல்லவே வேண்டாம். எதிராளி கையில் இரண்டு மூன்று சீட்டுதான் இருக்கிறது என்றால் நான் 71 போட்டுவிடுவேன். சீட்டு நிறைய வைத்திருந்தால் 97.